சூரியகாந்திக்கு எந்த உரம்: மூட்டையின் எடைக்கா, விதையின் எண்ணெய்க்கா?

சூரியகாந்தியில் விளைச்சலும் விதைத் தரமும் எப்போதும் சேர்ந்தே உயர்வதில்லை. தழைச்சத்தை (நைட்ரஜன்) கூட்டினால் இலைப்பரப்பு பெருகும், பூக்கொண்டை அகலும், ஓர் அளவு வரை விளைச்சலும் ஏறும்; ஆனால் விதையில் புரதம் கூடக்கூட எண்ணெய்ச்சத்து இறங்கும். கணக்குக்காக, ஒரு ஹெக்டேரில் 42% எண்ணெயுள்ள விதை 1,500 கிலோ கிடைத்தால் எண்ணெய் 630 கிலோ. விளைச்சல் 1,700 கிலோவாக உயர்ந்து எண்ணெய்ச்சத்து 40 விழுக்காடானால் 680 கிலோ. அதுவே 36 விழுக்காட்டுக்கு விழுந்தால் 612 கிலோதான். எண்ணெய்க்காகப் பயிரிடுபவர் உரங்களை ஒப்பிட வேண்டியது ஹெக்டேருக்குக் கிடைக்கும் இந்த எண்ணெய் அளவைக் கொண்டே. கொறிப்பதற்கான ரகங்களில் மட்டும் புரதமும் விதைப் பருமனும் மதிப்புப் பெறுவதால் கணக்கு மாறும்.

தழைச்சத்துக்கு யூரியாவா, அம்மோனியம் சல்பேட்டா? யூரியாவில் 46% தழைச்சத்து. சுமக்கவும் தூவவும் எளிது. ஈரமான மண்ணின் மேல் தூவி மூடாமல் விட்டால், அம்மோனியாவாக மாறி ஒரு பங்கு காற்றோடு போய்விடும். அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து ஏறத்தாழ 21% மட்டுமே என்றாலும், 24% கந்தகம் உடன் வருகிறது. காரத்தன்மையுள்ள மண்ணில் அமிலப்படுத்தும் அதன் இயல்பு நன்மையே; ஏற்கெனவே அமிலமான மண்ணில் அதை ஆண்டுதோறும் இடுவது தவறு. எதை இட்டாலும் மொட்டு தெரியத் தொடங்குவதற்குள் மேலுரத்தை (வளரும் பயிருக்கு இடும் உரத்தை) முடித்துவிட வேண்டும், ஏனெனில் கொண்டையில் எத்தனை பூக்கள் என்பது அதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. பிந்தி இடும் யூரியா எண்ணெயைக் குறைப்பதோடு, செடி சாய்வதற்கும் நோய்க்கும் இடம் கொடுக்கும்.

மணிச்சத்தில்தான் (பாஸ்பரஸ்) வேறுபாடு உண்மையில் பெரிது. 50 கிலோ டி.ஏ.பி.யில் (டை அம்மோனியம் பாஸ்பேட்) 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் உண்டு. இதே அளவுக்கு 16% மணிச்சத்துள்ள சூப்பர் பாஸ்பேட் ஏறத்தாழ 144 கிலோவும், யூரியா ஏறத்தாழ 20 கிலோவும் வேண்டும். மூன்று மடங்குக்கு மேல் சுமை என்று முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் அந்தச் சுமையோடு 15 கிலோவுக்கு மேல் கந்தகமும் கணிசமான சுண்ணாம்புச்சத்தும் நிலத்துக்கு வருகின்றன, டி.ஏ.பி.யில் இவை இரண்டும் இல்லை. எண்ணெய்வித்துப் பயிருக்குக் கந்தகம் உபரியான சத்து அன்று. அது குறைந்த நிலத்தில் எண்ணெய்ச்சத்தும் விளைச்சலும் சேர்ந்தே விழும். மண் பரிசோதனையில் கந்தகம் போதுமென்று தெரிந்தாலொழிய, என் தேர்வு சூப்பர் பாஸ்பேட்டே. விதைக்கும்போது இடும் அடியுரம் விதையைத் தொடாமல் சற்றுத் தள்ளி, சற்று ஆழத்தில் விழ வேண்டும். ஒட்டி விழுந்தால் முளைப்பு கெடும்.

சாம்பல்சத்தை (பொட்டாஷ்) செடி மிகுதியாக எடுத்தாலும் பெரும்பகுதி தண்டிலும் இலையிலுமே தங்குவதால், அவற்றை எரிக்காமல் மண்ணில் மடக்கி உழுபவருக்குப் பொட்டாஷ் செலவு குறையும். தொழுவுரத்தை ரசாயன உரத்துக்குப் போட்டியாக நிறுத்துவது பொருந்தாத ஒப்பீடு: ஒரு டன்னில் தழைச்சத்து 5 கிலோ அளவே, அதிலும் ஒரு பகுதிதான் முதல் பருவத்தில் கிடைக்கும். ஈரத்தைப் பிடித்து வைப்பதே அதன் பெரிய உதவி.

கடைசியாக, மிகச் சிறிய அளவில் தேவைப்படும் சத்தான போரான். அறுவடைக்கு முன் ஒரு கொண்டையின் நடுவில் உள்ள விதைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓடு மட்டும் நொறுங்கி உள்ளே பருப்பு இல்லையென்றால் அது பதர். போரான் குறைவைப் போலவே மகரந்தச் சேர்க்கைக் குறைவும், விதை நிரம்பும் காலத்து வறட்சியும் இதே விளைவைத் தரும். ஆனால் இளம் இலைகள் தடித்துச் சுருண்டு, கொண்டை கோணலாகவும் வந்திருந்தால், ஐயம் போரான் மேல்தான் விழ வேண்டும். அப்படிப்பட்ட நிலத்தில் இன்னொரு மூட்டை யூரியாவைவிட, லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்த வெண்காரத்தை (போரான் அடங்கிய போராக்ஸ்) வெளிவட்ட மஞ்சள் இதழ்கள் விரியத் தொடங்கும்போது கொண்டையில் தெளிப்பதே பதரைக் குறைக்கும். அளவு மீறினால் இதே போரான் செடிக்கு நஞ்சு.