கிளாம்ப் மீட்டர், ஆறு வருடம்: அந்த ஒன்பது வோல்ட் எங்கே போனது?

2019 டிசம்பரில் வாங்கினேன். தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது, முதல்முறையாக ஆறாம் கட்டத்தைத் தொட்டது அந்த மாதம்தான். டர்பன், சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவே இன்வெர்ட்டர் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் வேண்டும் என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப மனம் வரவில்லை. வீட்டில் எது எவ்வளவு இழுக்கிறது என்று நானே பார்த்துவிடலாம் என்று விலை குறைந்த கிளாம்ப் மீட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். வயரை வெட்டாமல், வாயால் கவ்விப் பிடித்தே மின்னோட்டத்தை அளக்கும் கருவி அது.

முதல் நாளே அவமானம். கெட்டில் வயரைக் கவ்வவிட்டால் திரையில் 0.00. ஓட்டை மீட்டர் என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவனைப் பக்கத்து வீட்டு அண்ணன் நிறுத்தினார். எலக்ட்ரீஷியன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "போற கரண்டும் வர்ற கரண்டும் ஒரே வயருக்குள்ள இருக்கு தம்பி, ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சிடும். ஒத்தைக் கம்பியை மட்டும் பிடி" என்றார். உள்கம்பிகள் தனித்தனியாக வெளியே தெரியும் குட்டி வயர் ஒன்றையும் அவரே செய்து கொடுத்தார். உள்கம்பிகளின் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த வயர் இல்லாமல் இந்த மீட்டர் எனக்குப் பாதிதான் பயன்பட்டிருக்கும்.

கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் வாட். வெந்நீர் கீசருக்கு 229 வோல்ட், 13 ஆம்பியர். பெருக்கினால் 2977 வாட், வகுத்தால் 17.6 ஓம். மேலே ஒட்டியிருந்த 3 கிலோவாட் சீட்டு பொய் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் ஓடினால் ப்ரீபெய்ட் மீட்டரில் ஏறக்குறைய ஆறு யூனிட் காலி. கீசரை இன்வெர்ட்டரில் மாட்டும் ஆசை அன்றோடு போனது.

ஆனால் இந்த மீட்டர் தன் விலையைத் திருப்பித் தந்தது வீட்டில் இல்லை, கோயிலில். ஆடி மாதக் கஞ்சிப் பூசைக்கு வருகிறவர்களுக்கு டீ போட அர்ன், அதாவது தண்ணீர் கொதிக்கவைக்கும் பெரிய மின்சாரப் பாத்திரம், வைப்போம். சுவரிலிருந்து பந்தல் வரை 25 மீட்டர் எக்ஸ்டென்ஷன் சுருள். "இந்த அர்னுக்கு வயசாயிடுச்சு, தண்ணி கொதிக்கவே மாட்டேங்குது" என்று வருடா வருடம் ஒரு புலம்பல். புதிது வாங்கக் காசு திரட்டும் பேச்சுகூட வந்துவிட்டது. அந்த வருடம் மீட்டரை எடுத்துப் போனேன். அர்ன் ஓடும்போது சுவர்ப் பக்கம் 228 வோல்ட். சுருளின் மறுமுனையில், அர்னுக்குப் பக்கத்துத் துளையில், 219. மின்னோட்டம் 9.5 ஆம்பியர்.

அப்படியானால் நடுவில் காணாமல் போன 9 வோல்ட்? அதை 9.5ஆல் வகுத்தால் 0.95 ஓம். அது வயரின் தடை. பெருக்கினால் சுமார் 85 வாட். அவ்வளவு சூடும் சுருளுக்குள்ளேயே. பாதி வயரைப் பிரிக்காமல் சுற்றியபடியே விட்டிருந்தோம், தொட்டால் இட்லிச் சட்டி மாதிரி கொதித்தது. அர்னுக்குக் கிடைத்தது சுமார் 2080 வாட். நேராகச் சுவரில் செருகியதும் 2260 வாட்டுக்கு ஏறியது. அர்ன் கிழவி இல்லை, வயர்தான் நோஞ்சான். பிரித்துப் பார்த்தால் 1 சதுர மில்லிமீட்டர் கம்பி. மறுவருடம் அதே நீளத்தில் 2.5 கம்பி வாங்கி, முழுவதும் விரித்துப் போட்டோம். இழப்பு மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

அதே வித்தையை வீட்டிலும் செய்து பார்க்கிறேன். கடற்காற்றில் பிளக் முனைகள் பச்சை பிடிக்கும் ஊர் இது. இணைப்பில் அரை ஓம் தடை சேர்ந்தாலே, 10 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சின்ன இடத்தில் 50 வாட் சூடு. பிளக் உருகுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சரி, எங்கே ஏமாந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரிட்ஜுக்கு 228 வோல்ட், 1.1 ஆம்பியர். பெருக்கி 250 வாட் என்று எழுதிவைத்தேன். பிற்பாடு வாட் காட்டும் பிளக் மீட்டரை இரவல் வாங்கிப் பார்த்தால் 150தான். மோட்டாரில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. என் பெருக்கலில் வந்தது வோல்ட்-ஆம்பியர், உண்மையான வாட் இல்லை. கெட்டில், அர்ன், இஸ்திரிப்பெட்டி போன்றவற்றுக்குத்தான் இந்த எளிய கணக்கு நேராகப் பொருந்தும். பழைய குண்டு பல்பும் காலை வாரிவிட்டது. அணைந்திருக்கும்போது ஓம் அளந்தால் அறுபத்துச் சொச்சம். எரியும்போது 60 வாட் பல்புக்கு 880 ஓம் அளவில் இருக்க வேண்டும். இழை சூடாகும்போது தடை அவ்வளவு ஏறுகிறது.

அப்புறம், மின்சாரம் இருக்கும்போது ஓம் பக்கம் திருப்பி எதையும் தொடாதீர்கள். வீட்டு ஃப்யூஸ், சுவிட்சுகள் இருக்கும் டி.பி. பெட்டியை நான் திறப்பதே இல்லை, அது அண்ணன் போன்றவர்களின் வேலை.

மீட்டரின் இன்றைய நிலை: திரை விளக்கு நான்காம் வருடம் போய்விட்டது. முள் வயர்கள் ஒருமுறை வெடித்து மாற்றினேன். திருகுப் பொத்தான் மழைக்காலத்தில் மக்கர் பண்ணுகிறது. எண்கள் மட்டும் இன்னும் அண்ணனின் விலை உயர்ந்த மீட்டரோடு ஒத்துப்போகின்றன. பெரிய குறை, இது சுவரிலிருந்து வரும் ஏசி (மாறுதிசை) மின்னோட்டத்தை மட்டும்தான் அளக்கும். பேட்டரியில் ஓடுவது டிசி (ஒரேதிசை), அதனால் இன்வெர்ட்டர் பேட்டரி வயரைக் கவ்வினால் சும்மா முழிக்கும். இன்று வாங்குவதாக இருந்தால் டிசியும் அளக்கிற மாதிரி பார்த்து, கூடக் கொஞ்சம் ரேண்ட் போட்டு வாங்குவேன்.

பழைய சுருளைத் தூக்கிப் போடவில்லை. கோயிலில் தோரண விளக்குக்கு ஓடுகிறது, 0.3 ஆம்பியர்.