ஏ.என்.ஏ. டெஸ்ட்: இரண்டு லேப், இரண்டு விதமான ரிப்போர்ட்

காலையில் அரிசி களையும்போது அம்மாவுக்கு விரல்கள் வெளுத்து, நீலம் பாய்ந்து, அப்புறம் சிவந்து வலிக்கும். இது ரேனாட், அதாவது குளிரில் விரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும் பிரச்சினை என்று டாக்டர் சொல்லி, ஏ.என்.ஏ. எழுதித் தந்தார். நம் செல்லின் கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. வீட்டுக்குப் பக்கத்து லேபில் கொடுத்தோம், மறுநாளே ‘நெகட்டிவ்’ என்று வந்துவிட்டது, நாங்களும் நிம்மதியாகிவிட்டோம். எலைசா முறையில், அதாவது கிட்டில் பூசியிருக்கும் புரதங்களை வைத்துப் பார்த்ததாகக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை டாக்டர்தான் கவனித்தார். செல்களின் மேல் ரத்தச் சீரத்தை விட்டு, ஒளிரும் சாயத்தோடு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஐ.எஃப்.ஏ.யில் பார்த்தே ஆக வேண்டும் என்று வேறு லேபுக்கு அனுப்பினார்.

அந்த இரண்டாவது லேபைத்தான் மனதாரப் பாராட்ட வேண்டும். அம்மாவுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். ரத்தம் எடுத்த பெண், “கை ஏம்மா இப்படி ஜில்லுன்னு இருக்கு?” என்று கேட்டு, தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, ஒரே குத்தில் எடுத்துவிட்டார்.

ரிப்போர்ட்டில் ‘ஹெப்-2 செல், நியூக்ளியோலார், ஏசி-8, 1:640’ என்று எழுதி, படமும் வைத்திருந்தார்கள். ஹெப்-2 என்பது டெஸ்டுக்காக வளர்க்கும் மனிதச் செல், ஏசி-8 என்பது அதில் தெரியும் ஒளிர்வு வடிவத்தின் எண், 1:640 என்றால் சீரத்தை அவ்வளவு நீர்த்த பிறகும் ஒளிர்கிறது என்று அர்த்தம். மங்கலான பச்சைச் செல்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பொட்டு மட்டும் பளிச்சென்று. செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம் தயாராகும் இடமான நியூக்ளியோலஸ்தான் அந்தப் பொட்டு, அங்குள்ள புரதங்களைத்தான் அம்மாவின் ஆன்டிபாடி பிடிக்கிறது. போன் செய்தபோது லேப் டாக்டரே எடுத்து நிதானமாக விளக்கினார். ஏசி-8 என்றால் ஆன்டிபாடி பிடிப்பது பி.எம்-எஸ்.சி.எல்., டி.ஹெச்/டி.ஓ. போன்ற நியூக்ளியோலஸ் பொருள்களாக இருக்கலாம், கட்டி கட்டியாகத் தெரியும் ஏசி-9 என்றால் ஃபைப்ரில்லாரின். பல எலைசா கிட்டுகளில் இவற்றில் சில இருக்காது, அதனால்தான் நெகட்டிவ் வந்திருக்கும் என்றார். ஒவ்வொரு ஆன்டிபாடியையும் தனித்தனியாகப் பார்க்கும் சாதாரண ஏ.என்.ஏ. புரொஃபைலிலும் ஃபைப்ரில்லாரின், டி.ஹெச்/டி.ஓ. பெரும்பாலும் இல்லையாம், தோல் இறுகும் நோயான ஸ்க்ளீரோடெர்மாவுக்கென்று இருக்கும் லைன் பிளாட்தான் (ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் ஒரு கோடு விழும் பட்டை) கேட்க வேண்டும், அதிலும் மங்கலான கோடு வந்தால் ஐ.எஃப்.ஏ. படத்தோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்காமல் நம்பக் கூடாது. இவ்வளவு பொறுமையாகப் பேசிய லேபை நான் பார்த்ததில்லை.

அந்த லைன் பிளாட்டில் அம்மாவுக்கு டி.ஹெச்/டி.ஓ. வந்தது, கோடு அழுத்தமாகவே. நுரையீரல் தழும்பும் நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தமும் இதோடு வரக்கூடும் என்பதால் டாக்டர் உடனே ஹெச்.ஆர்.சி.டி. என்னும் நுரையீரல் ஸ்கேனும் இதயத்துக்கு எக்கோவும் எடுக்கச் சொன்னார்.

குறை என்றால் காத்திருப்புதான். சாம்பிள்கள் சேர்ந்த பிறகே லைன் பிளாட் ஓட்டுகிறார்கள், எங்களுக்குப் பத்து நாள் ஆனது. விலையும் கூடுதல். ஆனால் பழைய சாம்பிளையே பத்திரமாக வைத்திருந்தார்கள், அம்மாவை இன்னொரு முறை குத்தவில்லை.