வாரம் ஒருமுறை வரும் ரயிலில் சில வருடங்கள்

இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட்டுக்குக் குடிவந்த புதிதில், பக்கத்திலிருந்த ரெட்டிஷ் சவுத் ஸ்டேஷனின் கால அட்டவணையைப் பார்த்து ஏதோ அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ஒரே ஒரு ரயில், அதுவும் பாதையின் மறுமுனையிலிருக்கும் ஸ்டேலிபிரிட்ஜ் போகும் பக்கம் மட்டும். திரும்பி வர? கிடையாது. மான்செஸ்டர் பிக்காடிலி போய் வண்டி மாறிச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும்.

இந்த மாதிரி வண்டிகளுக்கு இங்கே 'பார்லிமென்ட் ரயில்' என்று பெயர். 1844இல் வந்த சட்டம், ஏழைகளும் ஏறும்படி மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில், கூரை போட்ட பெட்டியோடு, தினமும் ஒரு ரயிலாவது விட்டாக வேண்டும் என்றது. அன்றைக்கு அது ஜனங்களுக்காக. இன்றைக்கு அதே பெயர் வேறு காரியத்துக்கு. ஒரு பாதையில் பயணிகள் ரயிலை அடியோடு நிறுத்த வேண்டுமென்றால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்டு, எதிர்ப்பையெல்லாம் சமாளித்து வர வேண்டும், அந்தத் தலைவலிக்கு வாரம் ஒரு வண்டியை ஓட்டிவிட்டுப் போவது மலிவு. 1980களின் கடைசியில் பென்னைன் மலை தாண்டிப் போகும் ரயில்களை மான்செஸ்டரின் விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து பிக்காடிலிக்கு மாற்றியபோது, பிக்காடிலியிலேயே மாறிக்கொள்ளலாம் என்பதால் ஸ்டாக்போர்ட்டிலிருந்து ஸ்டேலிபிரிட்ஜ் போய் வண்டி பிடிக்கும் தேவை போய்விட்டது. அப்படித்தான் இந்தப் பாதை இந்த நிலைக்கு வந்தது.

சரி, பயணம் எப்படி? இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. வண்டியில் கேமராவும் குறிப்பேடுமாக நாலைந்து ரயில் பைத்தியங்கள் இருப்பார்கள், வேலைக்குப் போகிற முகம் ஒன்றுகூட இருக்காது. 2018 மே மாதத்தில் சனிக்கிழமைக்கு மாற்றி, போக ஒன்று வர ஒன்று என்று ஆக்கினார்கள். எனக்கு அது பெரிய முன்னேற்றம், வெள்ளிக்கிழமை லீவு போட வேண்டாம் பாருங்கள்.

நான் பெரும்பாலும் வழியிலிருக்கும் டென்டன் ஸ்டேஷனில் இறங்குவேன். இறங்குவதற்குக் காரணம் உண்டு. ஸ்டேஷன்களின் பயணிகள் கணக்கை டிக்கெட் விற்பனையை வைத்துத்தான் போடுகிறார்கள். ஸ்டேலிபிரிட்ஜ் வரைக்கும் டிக்கெட் வாங்கினால் டென்டன் கணக்கில் ஒன்றும் ஏறாது. 2018-19இல் டென்டனின் வருடக் கணக்கு மொத்தமே 46 பேர். அதில் நான் எத்தனை என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கார்டிடம் முன்னாலேயே சொன்னால்தான் அங்கே வண்டி நிற்கும். ஒருமுறை சொன்னபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நிஜமாகவே டென்டனா?" என்றார்.

இறங்கினால் நடுவில் ஒற்றைப் பிளாட்பாரம், மேலே போகப் படிக்கட்டு, பக்கத்து ரவுண்டானாவில் மோட்டார்வே வண்டிகளின் இரைச்சல். அத்தனை காரும் இந்த ஸ்டேஷன் தலைக்கு மேலேதான் போகிறது, கீழே ரயில் இல்லை! ஆனாலும் பூச்செடிகள் தளதளவென்று இருக்கும். ஸ்டேஷன் நண்பர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சிலர் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள். ரெட்டிஷ் சவுத்திலும் அப்படி ஒரு கூட்டம் உண்டு, சுவரில் ஓவியமே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

ஸ்டேலிபிரிட்ஜ் வரை போனால் பிளாட்பாரத்திலேயே பழைய காலத்து பஃபே பார் இருக்கிறது. அங்கே கறுப்புப் பட்டாணி சாப்பிடுங்கள், வினிகர் ஊற்றித் தருவார்கள். தாளிக்காத சுண்டல் மாதிரி இருக்கும், எனக்கு நாலாவது தடவைதான் பிடித்தது.

என் குறை ஒன்றுதான். வாரம் ஒரு வண்டி விட்டுவிட்டு, ஆள் ஏறவில்லை என்று கணக்குக் காட்டுவது, கடையைப் பூட்டிவிட்டு வியாபாரம் இல்லை என்பது போல. அதற்காக இதையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். தண்டவாளமும் சிக்னலும் உயிரோடு இருக்கின்றன, கூட்ஸ் வண்டிகள் போகின்றன. ஸ்டாக்போர்ட்டிலிருந்து டென்டன் வழியாக மான்செஸ்டர் விக்டோரியாவுக்கு ஒழுங்கான சேவை வேண்டும் என்று அந்த ஸ்டேஷன் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வந்தால் தினமும் ஏறுவேன். அதுவரைக்கும் சனிக்கிழமை, டென்டனுக்கு ஒரு டிக்கெட்.