பத்தாவதில் நின்றவனுக்கு டுடோரியலா, திறந்தநிலைப் பள்ளியா, ஐடிஐயா?

எங்கள் தெருப் பையன் ஒருவன் பத்தாவதில் கணக்கும் இங்கிலீஷும் போய், செல்போன் கடையில் எடுபிடியாக இருந்து, அந்த வேலையும் போய் இப்போது வீட்டில் இருக்கிறான். வயது 18. "எதுல சேர்த்தா இவன் தானா படிப்பான்?" என்று அவன் அம்மா கேட்டார். மூன்று வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்த்தேன்: பாடத்தில் மாட்டிக்கொண்டால் பையன் என்ன செய்வான்?

டுடோரியலில் சார் முகத்தைப் பார்ப்பான். தனித்தேர்வராகத் துணைத் தேர்வில் விட்ட பாடத்தை மட்டும் எழுதினால் போதும், நூற்றுக்கு 35. அதற்குத் தேவையான கேள்விகளைக் குறித்துக் கொடுத்து உருப்போட வைப்பார்கள். சீக்கிரம் சான்றிதழ் வேண்டுமென்றால் இதுதான் குறுக்கு வழி. தானாகப் படிக்கும் பழக்கம் வராது. அங்கே அதற்குத் தேவையும் இல்லை.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ், கேட்கும்போது இவனுக்காகவே வந்தது மாதிரி இருக்கும். ஒருமுறை பதிந்தால் 5 ஆண்டு, 9 வாய்ப்பு. கணக்கே எடுக்காமல் வேறு பாடம் எடுக்கலாம். தமிழ் வழி உண்டு. பாடத்தின் நடுநடுவே கேள்வி கேட்டு, விடையைப் பாடத்தின் கடைசியில் தருகிற புத்தகங்கள். மாட்டிக்கொண்டால் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலும் புத்தகத்தை மூடிவிடுவான்! ஐந்து ஆண்டு அவகாசம் என்பது ஐந்து ஆண்டுக்கு "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பதுதான். பள்ளியில் தேறிய பாடங்களிலும் இரண்டு வரைதான் இங்கே ஏற்றுக்கொள்வார்கள். ஐந்தில் மிச்சம் மூன்றை எழுத வேண்டும். டுடோரியல் வழியில் இரண்டுதான். வாரம் ஒருமுறை "எதுவரைக்கும் வந்தே?" என்று கேட்க ஆள் இருந்தால் மட்டுமே இதை எடுக்கச் சொல்வேன்.

அரசு ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாவதே போதும். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. எனக்குப் பிடித்தது அதுவல்ல. வெல்டிங்கில் ஓட்டை விழுந்தால் யாரும் சிவப்பு மையில் சுழிக்க வேண்டியதில்லை, அவன் கண்ணுக்கே தெரியும். கரண்ட்டைக் கூட்டிக் குறைத்து, ராடு பிடிக்கும் கோணத்தை மாற்றி மறுபடி போட்டுப் பார்ப்பான். தப்பைத் தானே கண்டுபிடிப்பது அங்கே தினசரி வேலை. தியரி வகுப்பு என்றால் மட்டும் பழைய கதைதான், நோட்ஸைப் பார்த்து எழுதுவதோடு சரி.

இந்தப் பையன் சார்ஜிங் பின் மாற்றக் கற்றது வீடியோ பார்த்துத்தான். போனின் படத்தைத் தாளில் வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அதனதன் இடத்தில் வைப்பானாம். புரியாத இடத்தில் வீடியோவை நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்ப்பானாம். தானாகக் கற்க இவனுக்குத் தெரியாது என்று யார் சொன்னது? புத்தகத்தில்தான் அது பழகவில்லை. அதனால் முதலில் ஐடிஐ, வயர்மேன். அப்புறம், கை ஓடத் தொடங்கியதும் திறந்தநிலைப் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவனோடு உட்கார நான் வருகிறேன் என்றேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, நெஜமாவே கணக்கு வேண்டாமா?"