என் கட்டுரையை நான் எழுதவில்லையாம்: ஒரு 92 சதவீதக் கதை

எழுதிப் பிழைக்கிறவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், கல்லூரியில் கட்டுரை கொடுக்கிற பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஏஐ எழுதியதா மனிதர் எழுதியதா என்று கண்டுபிடித்துச் சொல்வதாகக் கடை விரித்திருக்கும் தளங்களிடம் கவனமாக இருங்கள். கட்டுரையை ஒட்டும் பெட்டிக்குப் பக்கத்திலேயே ‘மனித நடைக்கு மாற்று’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதனிடம் இன்னும் கவனமாக இருங்கள். நான் இரண்டிலும் மாட்டினேன். முதலாவதில் என் தப்பு எதுவும் இல்லை. இரண்டாவது முழுக்க என் அவசரபுத்தி.

நலவாழ்வுக் கட்டுரைகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. கட்டுரைகளை எழுதி வாங்கி மற்ற இடங்களுக்குக் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்காகப் பல வருடமாக எழுதுகிறேன். இந்த முறை தலைப்பு, சர்க்கரை நோய் இருப்பவர்கள் பாதத்தைப் பார்த்துக்கொள்வது எப்படி என்பது. நரம்பு பாதித்து மரத்துப்போன காலில் புண் வந்தால் வலிக்காது, வலிக்காததால் கவனிக்க மாட்டார்கள், ஆபத்தே அங்குதான். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரலிடுக்கில் ஈரம் நிற்க விடாதீர்கள், வெந்நீரில் கால் வைக்குமுன் முழங்கையால் சூடு பாருங்கள். இதில் நடை காட்ட என்ன இருக்கிறது? எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும். நான்கு நாள் உட்கார்ந்து வாக்கியங்களைச் சுருக்கிச் சுருக்கி அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார்.

“மேடம், ரிப்போர்ட் வந்திருக்கு. 92 சதவீதம் ஏஐன்னு காட்டுது. பேமென்ட்டை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்க.”

“நான்தானே தம்பி எழுதினேன்.”

“எனக்குத் தெரியும் மேடம். ஆனா டூல் அப்படிக் காட்டுதே.”

என் எழுத்தில் எங்கே காற்புள்ளி விழும் என்பதுவரை தெரிந்த பையன் அவர். தெரியும் என்றுதான் சொல்கிறார். ஆனால் அந்த எண்ணைத் தாண்டிப் பேச அவருக்கு அதிகாரம் இல்லை. அவருக்கு மேலே இருப்பவருக்கு என்னையும் தெரியாது, தமிழும் தெரியாது. எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொல்கிறது என்று கேட்டேன். ரிப்போர்ட்டில் காரணம் எதுவும் வராது என்றார். ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அரைவட்டமாக ஒரு மீட்டர், முள் சிவப்பில் நிற்கிறது, நடுவில் 92. கீழே பொடி எழுத்தில் மஞ்சள் பூசிய பத்திகள். போனில் பார்த்ததால் சிவப்பு முள் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அங்கேயே நான் நின்று நிதானித்திருந்தால் மிச்சக் கதை நடந்திருக்காது.

அன்று ராத்திரி அதே தளத்துக்குப் போனேன். எப்படியாவது அந்த எண்ணைக் கீழே இறக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. நானே எழுதிய கட்டுரையை, மனிதர் எழுதியதுபோல ஆக்கித் தரச் சொல்லி ஒரு மெஷினிடம் காசு கட்டியிருக்கிறேன். இதைத் தட்டச்சு செய்யும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. அந்த மாற்றும் பட்டனில் ‘எல்லா மொழிகளும்’ என்று போட்டிருந்தது. மாதத்துக்கு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் ஒரு சின்ன தொகை. கார்டு எண்ணைக் கொடுத்து, ஓடிபியையும் போட்டேன். வந்த குறுஞ்செய்தியைப் பார்த்தால் ஒரு வருடத் தொகை மொத்தமாகக் கழிந்திருக்கிறது. வருடச் சந்தாவை 12-ஆல் வகுத்து வந்த எண்ணைத்தான் மாதக் கட்டணம் போலக் காட்டியிருக்கிறார்கள். ‘ஆண்டுக்கு ஒருமுறை வசூலிக்கப்படும்’ என்ற வரி வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தில் இருந்தது. மறுநாள் தேடிக் கண்டுபிடித்தேன்.

சரி, போன பணத்துக்குச் சரக்காவது தேறுமா என்று பார்த்தேன். ‘மரத்துப்போன கால்’ என்று நான் எழுதியது ‘மரத்தாலான கால்’ ஆகியிருந்தது. அதற்குச் சிரித்துவிட்டேன். அடுத்த பத்தியில் சிரிப்பு நின்றுவிட்டது. ‘வெந்நீரில் கால் வைக்குமுன் முழங்கையால் சூடு பாருங்கள்’ என்ற வரி, ‘வெந்நீரில் கால்களை வைத்து, பிறகு முழங்கையின் உதவியுடன் வெப்பநிலையை உணருங்கள்’ என்று திரும்பி வந்திருந்தது. சூடு தெரியாத காலை வைத்த பிறகு முழங்கையால் பார்த்து என்ன பயன்? கால் வெந்திருக்கும். கவனிக்காமல் இதை அப்படியே அனுப்பியிருந்தால் கீழே என் பெயரில்தானே வந்திருக்கும். நல்லவேளை, அனுப்பவில்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டால் ‘உங்கள் வருத்தம் புரிகிறது’ என்று அரட்டைப் பெட்டி உடனே பதில் சொன்னது. 500 சொற்களுக்கு மேல் மாற்றியிருந்தால் பணம் திரும்பக் கிடையாதாம். என் கட்டுரை 1,100 சொற்கள். ஒரே தடவையில் வரம்பைத் தாண்டிவிட்டேன். ஒரு ஆளோடு பேச வேண்டும் என்று நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் அந்த வருத்தம் புரிந்தது, ஆள் வரவில்லை. ஓடிபி நீங்கள் போட்டதுதானே என்று வங்கியில் கேட்டார்கள். ஆமாம். அத்தோடு அது முடிந்தது. கார்டை முடக்கி வேறு வாங்கிக்கொண்டேன், அடுத்த வருடமும் எடுத்துவிடக் கூடாதே.

அப்புறம்தான் அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் பூசிய பத்திகள் ஆங்கிலத்தில் இருந்தன.

நான் எழுதியது தமிழ். உடனே தம்பியைக் கூப்பிட்டேன். “அந்த டூல் தமிழ் எடுக்காது மேடம். அதனால டிரான்ஸ்லேட்ல போட்டு இங்கிலீஷ் ஆக்கிப் பேஸ்ட் பண்ணுவோம்” என்றார். ரொம்ப இயல்பாகச் சொன்னார். தமிழில் எழுதும் எல்லோருடைய கட்டுரைக்கும் அங்கே அதுதான் நடைமுறை. மெஷின் மொழிபெயர்த்த ஆங்கிலத்தைக் கொடுத்து, இது மெஷின் எழுதியதா என்று இன்னொரு மெஷினிடம் கேட்டிருக்கிறார்கள். அது ஆமாம் என்றது. அன்றைக்கு அந்தக் கருவி சொன்னது பச்சை உண்மை! என் வாக்கியம் ஒன்றுகூட அதற்குள் போகவே இல்லை.

இதற்குப் பிறகு இந்தக் கருவிகளைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பொதுவாக இவை ஒரு சொல்லுக்கு அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கக் கூடியது என்று பார்க்கின்றன. வாக்கியங்கள் நீளமும் குட்டையுமாக மாறி வருகின்றனவா என்றும் பார்ப்பதுண்டு. ஊகிக்க எளிதாகவும் ஒரே அளவாகவும் இருந்தால் மெஷின் பக்கம் சாய்ந்துவிடும். அப்படியானால் எல்லோருக்கும் புரியட்டும் என்று பழகிய சொல்லில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறவர் ஆங்கிலத்திலேயே எழுதினாலும் மாட்டுவார். யார் எழுதினார் என்று இவற்றுக்குத் தெரிய வழியில்லை. இது எதைப் போல இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அவர்கள் செய்த சோதனையிலேயே ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் எடுத்துவிட்டார்கள். மெஷினைச் செய்தவர்களாலேயே முடியாததை நம் தளக்காரர்கள் ஒரு மீட்டரும் முள்ளும் வைத்து விற்கிறார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது இன்னொன்றைப் படித்தபோது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளை அவை ஏஐ என்றன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றை ஏறக்குறைய சரியாகவே மனிதர் எழுதியது என்றன. பிறகு அதே 91 கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, சொற்களை மெருகேற்றச் சொல்லி, திரும்பக் கருவிகளிடம் கொடுத்தார்கள். இப்போது பெரும்பாலானவை மனிதர் எழுதியவை ஆகிவிட்டன! நிஜமாகவே எழுதியபோது திருடன், மெஷினிடம் வாங்கி ஒட்டிய பிறகு யோக்கியன். இரவல் மொழியில், தெரிந்த நாலு சொல்லை வைத்துச் சிரமப்பட்டு எழுதும் பிள்ளையின் தலையில்தான் இது முதலில் விடிகிறது.

அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் வேறு விதமாகக் கணக்குப் போட்டது. அவர்கள் வாங்கியிருந்த கருவி நூற்றுக்கு ஒன்றுதான் தவறும் என்றது விற்ற நிறுவனம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2022-இல் அவர்களிடம் வந்த கட்டுரைகள் 75,000. அப்போது அந்தக் கருவி இருந்திருந்தால் ஏறக்குறைய 750 கட்டுரைகளின் மேல் பொய்ப்பழி விழுந்திருக்கும். 2023 ஆகஸ்டில் அதை அணைத்துவைத்துவிட்டார்கள். ஒரு சதவீதம் என்று சொல்லும்போது யாருக்கும் உறைப்பதில்லை. அந்த 750 பேரில் ஒருவராக உட்கார்ந்து பார்த்தால் உறைக்கும்.

98 சதவீதம் துல்லியம் என்று விளம்பரம் செய்த ஒரு கருவியைத் தனியாகச் சோதித்தால் 53 சதவீதம்தான் தேறியது என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் சொன்னது. காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் ஏஐ விரோதி கிடையாது. எழுத்துப்பிழை பார்க்க நானும் மென்பொருளைத் தொட்டிருக்கிறேன். ஏஐயில் எழுதித் தன் பெயரைப் போட்டுக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பிடிக்க வேண்டும் என்று காசு கொடுக்கிறவர் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. எனக்குக் கோபம் எதில் என்றால், திருடவில்லை என்று நிரூபிக்கும் வேலையை என் தலையில் கட்டியதில். குற்றம் சாட்டியது யார் என்று கேட்டால் டூல். காரணம் என்ன என்று கேட்டால் டூலுக்குத் தெரியாது. மேல்முறையீடு எங்கே என்று கேட்டால் அதற்கு ஒரு பட்டன்கூடக் கிடையாது.

என்னைக் காப்பாற்றியது என் கெட்ட பழக்கம்தான். பழைய பிரதிகளை அழிக்கவே மாட்டேன். நான்கு நாளும் திருத்தத் திருத்த ஆவணத்தில் சேர்ந்திருந்த வரலாறு, நேரத்தோடு அப்படியே இருந்தது. ஒரு பத்தியைப் பதினோரு முறை மாற்றியிருக்கிறேன், எனக்கே தெரியாது. குறிப்பெடுத்த நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்து, ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது என் வரிகள் அல்ல, மொழிபெயர்ப்பு என்பதையும் வரிக்கு வரி காட்டி, மேலிடத்துக்கே நேராக மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பணம் வந்தது. ‘இம்முறை விதிவிலக்காக’ என்று ஒரு வரியும் கூடவே வந்தது.

அதனால், எதை எழுதினாலும் திருத்த வரலாறு சேமிக்கும் இடத்தில் எழுதுங்கள். வேறிடத்தில் எழுதி முடித்ததை மொத்தமாகக் கொண்டுவந்து ஒட்டினால் அந்த வரலாறு இருக்காது, பிறகு எதைக் காட்டுவது? வேலை ஒப்புக்கொள்ளும்போதே எந்தக் கருவியில் பார்ப்பீர்கள், அது என் மொழியைப் படிக்குமா, எண் கூடினால் யார் பேசுவார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் வந்தால் பெரிதாக்கிப் படியுங்கள், முள்ளை விடுங்கள். வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். சந்தேகம் வந்தால் பிள்ளையை எதிரே உட்கார வைத்து இதை ஏன் இப்படி எழுதினாய் என்று கேளுங்கள், ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். சாட்ஜிபிடியிடமே ‘இதை நீ எழுதினாயா’ என்று கேட்காதீர்கள். 2023-இல் அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் அப்படிக் கேட்டார். அது ஆமாம் என்றதை நம்பி மாணவர்களுக்குச் சுழியம் போட முனைந்து, கடைசியில் விஷயம் செய்தித்தாள்வரை போனது. யார் யாருக்கு எதை எழுதிக் கொடுத்தோம் என்று அதற்குத் தெரியாது, கேட்டால் தோதாக எதையாவது சொல்லும்.

அந்த நிறுவனத்துக்கு இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், வேறு வழி இல்லை. இப்போது புது விதி, மீட்டர் 20-ஐத் தாண்டக் கூடாது. தமிழ்க் கட்டுரைகளை இன்னும் மொழிபெயர்த்துத்தான் போடுகிறார்களா என்று தம்பியிடம் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். எங்களில் சிலர் ஒரு சின்ன பிழையை விட்டு வைத்தால் எண் குறைகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். இத்தனை வருடத்தில் செய்யாத காரியம், போன வாரம் நானும் செய்தேன். ‘எடுத்துக் கொள்ளுங்கள்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘க்’ என்ற ஒற்றை விட்டுவிட்டு அனுப்பினேன். மறுநாள் ஒற்றைச் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், கொஞ்சம் கவனமாக எழுதச் சொல்லி.