விருந்தாளிகளோடு நாகர்கோவில்

பிறந்து வளர்ந்தது நாகர்கோவில், பிழைப்பு டொராண்டோவில். இந்த முறை கூட வேலை பார்க்கும் கனடாக்காரத் தம்பதியையும் அழைத்துப் போனேன். விருந்தாளி கூட இருந்தால் டிக்கெட் கவுன்ட்டர், கழிப்பறை, சில்லறை என்று இதுவரை கவனிக்காததெல்லாம் கண்ணில் படும்.

முதலில் காகித வேலை. வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க, ‘ஃபார்ம் சி’ என்று சொல்லப்படும் படிவத்தை ஆன்லைனில் போட வேண்டும். அதற்கான கணக்கை வீட்டுக்காரர் பெயரில் முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க ஓரிரவு தங்கலாமென்று ஒரு லாட்ஜில் கேட்டோம். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ‘ரூம் இல்லை’ என்றார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த மதுரைக் குடும்பத்துக்குச் சாவி கிடைத்தது. இந்த ஃபார்முக்குப் பயந்துதான் இருக்கும், வேறென்ன! அடுத்த தெருவிலேயே முகம் சுளிக்காமல் அறை கொடுத்தார்கள்.

காலையில் படகில் போய் விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் எல்லாம் பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள்.

என்னை அசத்தியது பழைய திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனைதான். தக்கலைக்குப் பக்கம், நிலம் தமிழ்நாடு, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை அவர்களிடமே நின்றுவிட்டது. திங்கள் விடுமுறை, வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். செருப்பை வெளியே போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அறைக்கு அறை ஊழியர்கள் நிற்கிறார்கள், தமிழும் மலையாளமும் கலந்து விளக்குகிறார்கள், டிப்ஸுக்குக் கை நீட்டவில்லை. முகம் தெரிகிற அளவுக்குக் கருப்பாய் மின்னும் தரையைத் தோழி குனிந்து தடவிக்கொண்டே இருந்தார். கல்லா என்று கேட்டார். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று சொல்வார்கள் என்றேன். அங்கிருந்த அம்மா, “மக்களே, அவங்கள கொஞ்ச நேரம் அசையாம நிக்கச் சொல்லு. வெளிய என்ன வெயில் அடிச்சாலும் இதுல குளிரும்” என்றார். நின்றார்கள், குளிர்ந்ததாம்.

நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை என மூன்று சாமிகளும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் கிளம்புவதையும், எல்லையிலுள்ள களியக்காவிளையில் கேரளப் போலீஸ் அணிவகுத்து வரவேற்பதையும் சொன்னேன். “அவங்களுக்கு ஃபார்ம் சி வேண்டாமா?” என்றார் நண்பர்.

ஆற்றுக்கு மேலே பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் கூட்டமே இல்லை. காமராசர் காலத்துத் திட்டம், 115 அடி உயரம். தலைக்கு மேல் ஆகாயம், பக்கத்தில் தொட்டித் தண்ணீர், கீழே பறளியாறு. பயமுள்ளவர்கள் கீழேயே இருந்து நுங்கு சாப்பிடலாம்.

பணம்? சின்னக் கடை எங்கும் யுபிஐதான். அவர்களுடைய கனடா கார்டைப் பெரிய ஹோட்டல்களைத் தவிர யாரும் தொடவில்லை. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன்கறியும் தின்றதற்கும், மட்டிப்பழக் குலைக்கும் நான்தான் ஸ்கேன் செய்தேன். ரொக்கம் வைத்திருப்பது நல்லது.

திரும்பும்போது கார் வேண்டாம் என்றுவிட்டார்கள். வரும்போது திருவனந்தபுரத்தில் பிடித்த டாக்ஸி, தமிழ்நாட்டு வரி கட்டாததால் எல்லையில் அரை மணி நேரம் நின்றது. (கேரளா வண்டி எடுத்தால் இதை முதலிலேயே கேளுங்கள்.) நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் தமிழ்நாடு பஸ்ஸும் கேரளா பஸ்ஸும் அடுத்தடுத்து கிளம்புகின்றன. பெட்டியை எங்கே வைப்பது என்று நான் யோசிப்பதற்குள் கண்டக்டர் டிரைவருக்குப் பின்னால் தள்ளிவிட்டார். திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கியதும் விமான நிலையத்துக்கு ஆட்டோ. கேட்காமலே மீட்டர் போட்டார்.