மூன்று வாசலுக்கு ஒரே விளக்கு: இன்டர்மீடியட் சுவிட்ச் தேறுமா?

எங்கள் சமையலறைக்கு மூன்று வழி, ஆனால் சுவிட்ச் ஒன்றுதான், கூடத்துப் பக்கம். பின்வாசல் வழியாக வந்தால் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போக வேண்டும். பைப் வேலைக்காகச் சுவரை உடைத்த சாக்கில் மூன்று வாசலிலும் சுவிட்ச் வைத்தோம். எட்டு மாதமாகிறது.

ஓரங்களில் இரண்டு டூவே (ஒரு வயரை இரண்டு வயர்களில் ஏதாவது ஒன்றோடு சேர்க்கும் சுவிட்ச்), நடுவில் ஒரு இன்டர்மீடியட். மாடிப்படி விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் போடும் வயரிங்கில் இரண்டு டூவேக்கும் இடையே இரண்டு வயர் ஓடுமே, அவற்றை வெட்டி நடுவில் இதை நுழைக்கிறோம், அவ்வளவுதான். ஒரு தட்டு தட்டினால் இரண்டையும் நேராக விடும், அடுத்த தட்டில் குறுக்கே மாற்றும். நாலாவது வாசல் இருந்தால் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நடு என்பது வயரில்தான். சுவரில் எங்கே இருந்தாலும் சரி.

வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தட்டினால் பளிச்சென்று எரிகிறது, அணைகிறது. எரிச்சல் எல்லாம் மாட்டிய நாளில்தான். பின்புறம் நான்கு முனை. எது உள்ளே வரும் ஜோடி, எது வெளியே போகும் ஜோடி என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. கம்பெனிக்குக் கம்பெனி வரிசையும் மாறும். எலக்ட்ரீஷியன் கண்மதிப்பில் மாட்டினார். நடு சுவிட்சை ஒரு பக்கம் தட்டினால் மற்ற இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. மறுபக்கம் தட்டினால் எதைத் தட்டியும் விளக்கு எரியவில்லை. "சுவிட்ச் கோளாறு, மாத்திடுங்க சார்" என்றார். அதைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தோம். எப்படித் தட்டினாலும் தங்களுக்குள் சேரவே சேராத இரண்டு முனைகள்தான் ஒரு ஜோடி. ஜோடியை மாற்றி மாட்டியதும் சரியாகிவிட்டது. பெட்டியிலேயே ஒரு படம் போட்டிருந்தால் அரை நாள் மிச்சம்.

இன்னொன்று, இதில் மேலே ஆன், கீழே ஆஃப் என்பதே கிடையாது. கரண்ட் போயிருக்கும்போது விளக்கு போட்ட நிலையில் இருக்கிறதா என்று சுவிட்சைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல்பு மாற்ற எம்சிபியை (அந்த லைனின் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) இறக்கிவிடுகிறேன்.

முதலில் போட்ட எல்.ஈ.டி பல்பு அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கியது. பேஸ் ஓடும் வயரை ஒட்டியே சும்மா கிடக்கும் வயரும் நீளமாகப் போவதால் அதில் கொஞ்சம் மின்சாரம் ஏறிக்கொள்ளுமாம். வேறு பல்பு போட்டதும் நின்றுவிட்டது.

பேஸ் முதல் டூவேயின் காமனுக்கு (இரண்டு பக்கத்துக்கும் பொதுவான முனை), கடைசி டூவேயின் காமனிலிருந்து விளக்குக்கு, நியூட்ரல் நேராக விளக்குக்கு: இதைத் தாளில் வரைந்து கொடுத்திருந்தேன், அதில் பிசகு வரவில்லை. வரையாமல் விட்டது கதவை. பின்வாசல் கதவு திறந்தால் போய் ஒட்டும் சுவரில்தான் மூன்றாவது சுவிட்சை வைத்தோம். உள்ளே வந்து கதவைச் சாத்தினால்தான் சுவிட்ச் கைக்கு வரும். அதுவரை பழைய இருட்டுதான்.